‘எழுதிக் கொடு’ என்றேன், அவள் திரும்பி வரவில்லை

திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்து வருகிறேன். 2015இல் ஒரு நாள் மாலை, மறுநாள் எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆடிட் இருந்த அவசரத்தில், எச்.ஆர். மேலாளர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்து, “அக்கா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, நீங்கதான் சீனியர்” என்றார். அந்தக் கையெழுத்தால் நான், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் தலைவரானேன். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் அப்படியொரு குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அலுவலகத்தில் எனக்கு மேல் பதவியில் வேறு பெண் இல்லை, அவ்வளவுதான். வெளி உறுப்பினர் என்று போட்டிருந்தவர் முதலாளி குடும்பத்துக்கு வேண்டிய ஒரு கல்லூரி ஆசிரியை. அவர் ஒருமுறைகூடத் தொழிற்சாலைக்குள் வந்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘புகார் ஏதுமில்லை’ என்று ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட கூட்டக் குறிப்பு வரும், நானும் கையெழுத்திட்டு அனுப்புவேன்.

அந்தப் பெண் வந்தது 2016 கடைசியில். முதலுதவிப் பெட்டி என் அறையில் இருந்ததால் தலைவலி, வயிற்றுவலி மாத்திரைக்கு எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அவளும் மாத்திரை கேட்டுத்தான் வந்தாள். தெற்கு மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஹெல்பராக வேலை செய்த பெண், பத்தொன்பது வயதிருக்கும். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். “அக்கா, என்னை வேற லைனுக்கு மாத்தி விடுவீங்களா?” என்றாள். ஏன் என்றேன். “சும்மாதான்கா” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “பண்டல் எடுக்கக் குனிஞ்சா மேல வந்து இடிக்கிறாரு” என்றாள். நான் மிகுந்த பொறுப்போடு பேசுவதாக நினைத்துக்கொண்டு, “நடந்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடும்மா, நடவடிக்கை எடுத்துடலாம்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பதினொரு நாள் கழித்து அவளுடைய கணக்கை முடிக்கும் படிவம் என் மேசைக்கு வந்தது. வேலையை விடும் காரணம் என்ற இடத்தில் ‘திருமணம்’ என்றிருந்தது. எங்கள் கம்பெனியில் கல்யாணத்துக்காக நிற்கிற பெண் யாராக இருந்தாலும், குறைந்தது தன் லைனில் உள்ளவர்களுக்கும் சம்பளம் போடுகிற எனக்கும் பத்திரிகை வைக்காமல் போகமாட்டாள். இவள் வைக்கவில்லை. எனக்கு அது அன்றே உறைத்தது. உறைத்தும் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

சட்டத்தை முழுதாக வாசித்தது அதற்குப் பிறகுதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது, அதனால் நான் கேட்டது தவறில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரால் எழுத்தில் கொடுக்க இயலாதபோது, எழுதுவதற்கான நியாயமான உதவி அனைத்தையும் குழுத் தலைவரோ உறுப்பினரோ செய்து தர வேண்டும் என்று அதே பிரிவு அடுத்த மூச்சில் சொல்கிறது. எழுதத் தெரியாதவருக்கு மட்டும் உரிய உதவி அது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கும், ‘இடித்தார்’ என்பதைக் காகிதத்தில் வைக்கும் போது கை நின்றுவிடும். ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் நடுவில் உட்கார்ந்து அதை எங்கே எழுதுவாள், எழுதியதை எங்கே ஒளித்து வைப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது யார் வந்து நின்றாலும் பேனாவை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுகிறேன். ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ போன்ற அலுவலகத் தமிழுக்கு மாற்றுவதில்லை, ஏனென்றால் விசாரணையில் அந்தச் சொற்றொடருக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், எதையும் இல்லையென்றும் சொல்லிவிடலாம். எழுதியதை வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன். அன்றே கையெழுத்திட மனமில்லாதவரிடம் அந்தத் தாளை என்ன செய்யட்டும் என்று கேட்டு, அவர் சொல்கிறபடி செய்கிறேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது.

தேதிதான் எல்லோருக்கும் சிக்கல். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அந்தக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, குழு மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் தேதியை நினைவில் வைப்பதில்லை. “சம்பளம் போட்டதுக்கு மறுநா”, “ரெண்டாவது ஆடி வெள்ளிக்கு”, “கரண்ட் போயி ஜெனரேட்டரும் ஓடாத அன்னிக்கு” என்பார்கள். அவை எல்லாமே நல்ல சாட்சியங்கள். வருகைப் பதிவேட்டையும் ஜெனரேட்டர் லாக் புத்தகத்தையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நாளும் ஷிப்டும் கிடைத்துவிடும். இத்தகைய தொல்லையில் இருக்கிற பெண்களிடம் நான் சொல்வது, நடந்த அன்றிரவே நாட்காட்டித் தாளின் பின்புறத்திலாவது இரண்டு வரி குறித்து வையுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருத்திக்கு ஒரு குரல் செய்தி அனுப்பி வையுங்கள் என்பதுதான். பிறகு புகார் கொடுக்காமலே விட்டாலும் அந்தக் குறிப்பு இருக்கட்டும்.

2017இல் வெளி உறுப்பினரை மாற்றச் சொல்லி நான் கேட்டேன். நல்ல வேளையாக ஆடிட்டர்களும் அதையே கேட்டிருந்ததால் நிர்வாகம் இசைந்தது. புதிதாக வந்தவர் பெண்களுக்கான சட்ட உதவிப் பணியில் நெடுநாள் இருந்தவர். இந்தச் சட்டத்தைப் பற்றி ஊழியர்களுக்கு நடத்தும் எங்கள் போஷ் ட்ரெயினிங்கை ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். ஆங்கில ஸ்லைடுகளை ஒருவர் தமிழில் வாசிக்க, ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் ஒரு சொல்லும் புரியாமல் விரலால் தாவணி நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை அவர் திரையை அணைத்துவிட்டு, உங்களில் பலர் இந்தப் புகார்க் குழுவை இன்னும் விசாகா கமிட்டி என்கிறீர்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா என்று தொடங்கினார். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதையும், அதன் தொடர்ச்சியாக விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்ததையும், அவை சட்டமாக மேலும் பதினாறு ஆண்டுகள் ஆனதையும் கதைபோல் சொன்னார். ஒடிசாப் பெண் ஒருத்தி அதைத் தன் ஊர்க்காரிகளுக்கு ஒடியாவில் திருப்பிச் சொன்னாள். முடிந்ததும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர், “அப்ப அந்தம்மா சொன்ன வேலையச் செஞ்சதுக்குத்தானுங்க அப்படிப் பண்ணுனாங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்துதான் அறிவிப்புப் பலகையில் இருந்த எங்கள் பெயர்களைப் பெண்கள் வாசிக்கத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படிக் கேட்ட அதே ஓவர்லாக் டெய்லர்தான் 2019இல் புகாரோடு வந்தார். கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்தவர். லீவு கேட்பதற்கென்று லைனுக்கொரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது; எல்லாப் பெண்களின் எண்ணும் சூப்பர்வைசரின் கைக்கு வந்தது அந்த வழியில்தான். முதலில் இரவு பத்து மணிக்கு மேல் ‘சாப்பிட்டாச்சா’. பிறகு, தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா. பிறகு எழுத விரும்பாதவை. அவர் பதில் போடுவதை நிறுத்தியதும் செய்திகளும் நின்றுவிட்டன. அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் தைத்த பண்டல்கள் திரும்பி வரத் தொடங்கின. தையல் சரியில்லை, ஆல்டர் என்று மேசையில் கொட்டுவார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு, பிரித்துத் திரும்பத் தைக்கும் நேரத்துக்குக் காசில்லை.

விசாரணையில் சூப்பர்வைசர், செய்திகளைத் தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் அனுப்பினேன், ஆல்டர் கொடுத்தது தரத்துக்காக என்றார். அப்போதுதான் என் சொந்த மேசையில் கிடந்த காகிதங்கள் எனக்குக் கண்ணில் பட்டன. மணிக்கணக்கு உற்பத்தித் தாள், ஆல்டர் பதிவு, ஓவர்டைம் பட்டியல் மூன்றையும் ஆறு வாரத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். செய்திகள் நிற்கும் வரை அவருக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பீஸ் திரும்பியிருந்தது; நின்ற பிறகு பதினெட்டு, இருபது. அதே லைனில், அதே ஸ்டைலை, அதே மெஷினில் தைத்த மற்ற மூன்று பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. ஓவர்டைம் போட்ட பதினான்கு இரவுகளில் பதினோரு இரவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் நடந்தது, சாட்சி இல்லை என்று குழுக்கள் கைவிரிப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். இணங்காதவளைப் பழிவாங்க வேலையைத்தான் பயன்படுத்துவார்கள், வேலைக்கோ எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வேலையில் பாதகமாக நடத்துவதாக மறைமுகமாகவோ நேராகவோ மிரட்டுவதையும் சட்டம் பாலியல் துன்புறுத்தலாகவே சொல்கிறது. இதில் என்னை இன்றும் குத்துவது, அவருடைய சம்பளத்தை இரண்டு முறை குறைத்துப் போட்டவள் நான் என்பது. தொகை இறங்கியதைக் கவனித்தேன். உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவாக நாங்கள் செய்த பிழைகளையும் சொல்ல வேண்டும். ஆண் உறுப்பினர் ஒருவர் முதல் அமர்விலேயே, “ஏம்மா இத்தனை நாள் சொல்லல?” என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணமில்லை, ஆனாலும் அந்த அம்மாவின் முகம் மூடிக்கொண்டது. வெளி உறுப்பினர் அதே தகவலை வேறு விதமாகக் கேட்டார்: அன்றைக்கு அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? அதற்கு அவர் மடமடவென்று சொன்னார், மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தது, விடிய விடியத் தூங்காதது, மறுநாள் தாமதமாக வந்து அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. அந்தப் பிடித்தமும் என் பதிவேட்டில் இருந்தது.

இன்னொரு பிழை முழுக்க என்னுடையது. விதிப்படி புகாரை ஆறு பிரதிகள் எடுக்க வேண்டும், ஏழு வேலைநாளுக்குள் எதிர்த்தரப்பினருக்கு ஒரு பிரதி போக வேண்டும், அவர் பத்து வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். அவசரத்தில் நான் அலுவலகப் பொதுப் பிரிண்டருக்கு அச்சுக் கொடுத்துவிட்டு, போன் வந்ததால் ஐந்து நிமிடம் தாமதமாக எழுந்து போனேன். நான்கு பிரதிகள்தான் தட்டில் இருந்தன. மீதியைக் கப்பல் பிரிவு எழுத்தர் தன் இன்வாய்ஸோடு சேர்த்து எடுத்துப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் வரை செய்தி போய்விட்டது. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடுவதை 16ஆம் பிரிவு தடுக்கிறது; அதை மீறியது குழுத் தலைவரே. அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க்கா, எப்படியும் தெரிஞ்சிருக்கும்” என்றார், அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதன் பிறகு இந்தக் காகிதங்கள் வெளியே ஜெராக்ஸ் கடைக்கும் போவதில்லை, பொதுப் பிரிண்டருக்கும் போவதில்லை. பூட்டு போட்ட ஓர் அலமாரியும் ஒரு சிறிய பிரிண்டரும் குழுவுக்கென்று கேட்டு வாங்கினோம்.

நடுவில் தொழிற்சாலை மேலாளர் வந்து, இரு தரப்பையும் வைத்துப் பேசி, ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடலாமே என்றார். எங்கள் ஊரில் எதையும் பேசித் தீர்ப்பது பெருமைக்குரிய பழக்கம், அதனால் அந்தப் பேச்சுக்கு நியாயமான தோற்றம் எளிதில் வந்துவிடுகிறது. பெண்ணே கேட்டால் மட்டுமே சமரசம் பேசலாம், அப்போதும் பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவைக் காட்டினோம். விசாரணை முடியும் வரை அந்த அம்மாவுக்கு லீவு தரலாம் என்றும் சொன்னார்கள். வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்புக்குப் பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் அவர், “நான் லீவுல போனா நாந்தேன் தப்புப் பண்ணுன மாதிரி ஆகிப்போயிரும்” என்றார். அவர் எழுத்தில் கேட்டுக்கொண்டதன் பேரில், சூப்பர்வைசரை விசாரணை முடியும் வரை வேறு யூனிட்டுக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். இடமாற்றம் என்றால் பெண்ணைத்தான் மாற்ற வேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடித்து, பத்து நாளுக்குள் அறிக்கை கொடுத்தோம்: குற்றம் நிரூபணம், பணிநீக்கம், இழந்த கூலிக்கு இழப்பீடு. உற்பத்தி எடுத்துத் தருகிற ஆள், எச்சரித்து விடலாமே என்றது நிர்வாகம். பரிந்துரையின் மேல் அறுபது நாளுக்குள் செயல்பட வேண்டியது முதலாளியின் கடமை, அவர் விருப்பத்தைப் பொறுத்ததல்ல என்று வெளி உறுப்பினர் எழுத்தில் கடிதம் கொடுத்தார். அந்த அறுபது நாள் முடிவதற்குள் அந்தச் சூப்பர்வைசர் தானே ராஜினாமா செய்துவிட்டு, நான்கு தெரு தள்ளி இன்னொரு பனியன் கம்பெனியில் அதே சூப்பர்வைசர் வேலையில் சேர்ந்தார். இழப்பீடு வந்தது. அந்த அம்மா இன்றும் எங்களிடம்தான் தைக்கிறார்.

‘தங்கச்சி மாதிரி’ என்ற வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தவரின் நோக்கம் என்ன என்பதல்ல, பெண்ணுக்கு அது விருப்பமற்றதாக இருந்ததா என்பதே அளவுகோல் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு 2019இல் அந்தத் தீர்ப்பு இருந்திருந்தால் இரண்டு அமர்வுகள் மிச்சமாகியிருக்கும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டு, அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்ட செய்தி வந்தபோது எங்கள் ஹாஸ்டலிலிருந்து சில தாய்மார்கள் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். அதன் பின் 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் தயாரிப்பு நிறுவனமும் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தொழிலாளிப் பெண்களையே தளக் கண்காணிப்பாளர்களாக வைக்கும் ஏற்பாடு இருப்பதைப் படித்தேன். அந்த அளவுக்கு எங்களிடம் நடக்கவில்லை. லைனுக்கு ஒருவரை அந்த லைன் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும் என்பதை மட்டும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. லீவு கேட்கும் குழுக்களைக் கலைத்து, எச்.ஆரில் ஒரு பெண்ணின் கையில் இருக்கும் பொது எண்ணுக்கு மாற்றினோம். துணிக் குடோனில் மூன்று டியூப் லைட் போட்டோம், தனியாக ஒருத்தியை அங்கே அனுப்புவதில்லை. கம்பெனி பஸ்ஸும் சட்டப்படி பணியிடமே என்பதால் டிரைவருக்கும் அதே பயிற்சி. புகார்க் குழுவின் அறிவிப்பு இப்போது ஒடியாவிலும் இந்தியிலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் இருக்கிறது. முன்பு அது இருந்த, வருகை பதியும் டைம் பஞ்ச் மெஷின் பக்கத்தில் எல்லோர் முன்னும் நின்று யாராலும் எண்ணைக் குறித்துக்கொள்ள முடிந்ததில்லை.

நான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் இடங்களில் இருந்தும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், புகாரே முதலாளி மேல் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு உண்டு; ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் கேட்கலாம். குழுவில் கொடுத்தால் போலீசுக்குப் போக முடியாது என்பது பொய். உடல் தொடுகை, பாலியல் சலுகை கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவற்றுக்கு இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பெண் அந்த வழியைத் தேர்ந்தால் அவருக்கு உதவ வேண்டியது முதலாளியின் கடமை. நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்கள் என்ற பயமும் வேண்டாம், ஆதாரம் போதவில்லை என்பதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது.

வேலையை விட்டுப் போகிறவர்களின் படிவங்களை இப்போது மாதக் கடைசியில் லைன் வாரியாகப் பிரித்து வைக்கிறேன். சென்ற மாதம் ஏழாம் லைனில் மட்டும் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ‘உடல்நலக் குறைவு’, ஒருவர் ‘சொந்த ஊர்’, ஒருவர் ‘திருமணம்’. கல்யாணம் என்று எழுதியவருடைய பத்திரிகை ஏழாம் லைனில் யாருக்காவது வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார்கள். அவருடைய எண்ணை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பேனாவோடு உட்கார்ந்தேன்.